சரிவராது அண்ணன் ஏறிய விமானம்

கண்டியில் காலையில் நல்ல வெயில் அடித்தால் மனிதர்கள் குடையைத் தேடுவார்கள். அப்படிப்பட்ட ஊர். இங்கே பிறந்தவனுக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை தாய்ப்பாலோடு வந்துவிடும், எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் கண்டி, பேராதனை, அம்பிட்டிய, கட்டுகஸ்தோட்டை எல்லாவற்றின் அவநம்பிக்கையையும் திரட்டி ஒரே மூட்டையாகக் கட்டினாலும் சரிவராது அண்ணனின் ஒரு பெருமூச்சுக்கு ஈடாகாது. இதை எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்ல நான் தயார்.

அவருக்கு வேறு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். அடையாள அட்டையில் ஏதாவது எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. அம்பிட்டிய வீதி வளைவில், தகரக் கூரைக்குக் கீழே, ரேடியேட்டர் வேலை மட்டும் பார்க்கிற கராஜ் அவருடையது. கொதிக்கிற வண்டியெல்லாம் அங்கேதான் போகும். பொனட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதுமே, உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, "சரிவராது" என்பார். பிறகு பார்ப்பார். பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். இரண்டு மணித்தியாலத்தில் வண்டியைப் புதுசு போலச் செய்து கொடுத்துவிட்டு, "கொண்டு போங்க, கடுகண்ணாவை ஏத்தத்துல நின்னுரும்" என்று வாழ்த்தி அனுப்புவார். அது நிற்காது. நிற்கவில்லை என்று போய்ச் சொன்னால், "அடுத்த தடவை" என்பார்.

ஒருமுறை ஒரு கல்யாணக் கார் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. உள்ளே பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை. முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம்தான் இருந்தது. அண்ணன் காரைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், "இது சரிவராது" என்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் பாய்ந்து வந்து எதைச் சொன்னீர் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார். காரைத்தான் சொன்னேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அண்ணன் ஒரு நிமிடம் நியாயமாக யோசித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டுந்தான்" என்றார்.

இன்னொரு தடவை நெஞ்சு வலி என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். எல்லாம் சோதித்த டாக்டர், உங்களுக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறார். அண்ணன் நகரவில்லை. மறுபடியும் பாருங்கள், அப்படி இருக்க ஏலாது என்று முக்கால் மணித்தியாலம் மன்றாடியிருக்கிறார். கடைசியில் அந்த டாக்டருக்கே படபடப்பு வந்து, தன்னைச் சோதித்துக்கொள்ள வேறு டாக்டரிடம் போனார் என்று கேள்வி. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அந்த மனிதரோடு ஒரு பிளேன்டி குடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

தொழிலில் அவருடைய மீற்றர் அவருடைய மூக்குத்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரே ஒரு தடவை மோந்து பார்ப்பார். எண்ணெய் கலந்திருக்கிறதா, துரு பிடித்திருக்கிறதா, நேற்று ஊற்றிய தண்ணீர் குழாய்த் தண்ணீரா ஓடைத் தண்ணீரா எல்லாம் சொல்லிவிடுவார். என் கார் ஒரு பழைய சனியன். வாரத்துக்கு ஒருமுறை அம்பிட்டிய ஏற்றத்தில் கொதிக்கும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை அவருடைய கராஜில் உட்கார ஒரு கதிரை எனக்கு. அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளராக, யாரும் வாசிக்காத சுற்றுநிருபங்களைத் தமிழாக்கிக் கொண்டிருப்பவன் நான். ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் வாழ்க்கையைப் பற்றிய கருத்து ஏறக்குறைய ஒன்றுதான்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். தர்ஷினி. அவள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதப் போனபோது அப்பா சொன்னது, சரிவராது. பாஸ். ஓ.எல். எழுதப் போனபோதும் அதே வார்த்தை. பாஸ். ஏ.எல். அப்படியே. விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று அவள் வந்து நின்ற அன்று, அண்ணன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வாழ்நாளில் சேர்த்து வைத்த அத்தனை சரிவராதுகளையும் ஒரே மூச்சில் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே போய் லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் அதை ஆசீர்வாதமாகத்தான் எடுத்துக்கொண்டாள். அப்பா அந்த வார்த்தையைச் சொல்லாமல் தான் எந்தப் பரீட்சைக்கும் போனதில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

ஆனால் லைசன்ஸ் கிடைத்தும் வேலை இல்லை. இத்தனை மணித்தியாலம் பறந்திருந்தால்தான் வேலை என்றார்கள் எல்லா இடத்திலும். வேலை இருந்தால்தானே பறக்கலாம்? இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். அப்போதுதான் அலவத்துகொட ஹாஜியார் வந்து சேர்ந்தார். ஹாஜியாருக்குத் திகனைக்கு அப்பால், நீர்த்தேக்கத்தின் ஓரமாக ஒரு ஹோட்டல். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைகளைச் சுற்றிக் காட்ட, வெளிநாட்டிலிருந்து பாவித்த சின்ன விமானம் ஒன்றை இறக்கினார். இரண்டே இரண்டு ஆசனம். சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு மிதவைகள். தண்ணீரிலிருந்தே கிளம்பித் தண்ணீரிலேயே இறங்கும். அதை ஓட்டுகிற வேலை தர்ஷினிக்கு.

விமானம் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வந்தது. பூட்ட வந்தவர் ரத்மலானையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து எஞ்சினியர். திறமைசாலி. ஆனால் தலையிடிக்காரர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தைலப் போத்தல் இருக்கும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நெற்றியில் பூசுவார். அவர் எங்கே நின்றாலும் பத்தடிக்குக் கற்பூர வாசம் அடிக்கும்.

பெட்டியைப் பிரித்தபோது ரேடியேட்டர் நசுங்கி ஒழுகியது. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு ரேடியேட்டர். விமானத்தின் மூக்குக்கு அடியில் ஒரு காற்று வாய், அதற்குள்ளே அது உட்காரும். புதிது வர மாதக்கணக்காகும் என்றதால் சரிவராது அண்ணனிடம் கொண்டு போனார்கள். அவர் அதை இரண்டு கைகளிலும் ஏந்திப் பார்த்து, மோந்து பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, ஒட்டுப் போட்ட இடமே தெரியாமல் ஒட்டிக் கொடுத்தார். எஞ்சினியர் காற்றழுத்தி, தண்ணீரில் முக்கி, எல்லாச் சோதனையும் செய்து அசந்து போனார். பூட்டுகிற வேலையையும் அண்ணன் தன் கையாலேயே செய்தார். மகள் ஏறப் போகிற வண்டி, வேறு யார் கையும் படக்கூடாது என்றார். எஞ்சினியர் ஒவ்வொரு நட்டையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் தர்ஷினியும் எஞ்சினியரும் கிளம்பினார்கள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி, அழகாக எழும்பியது. கரையில் நின்று நாங்கள் கை தட்டினோம். மலைப் பக்கம் திரும்பி ஏறத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் சூட்டு ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. அவள் வேகத்தைக் குறைத்து, வட்டம் அடித்து, இறங்கி வந்துவிட்டாள். மறுநாளும் அதேதான். கிளம்பும்போது நல்ல பிள்ளை, ஏறும்போது கொதி.

இங்கேதான் என்னைப் பிடித்து இழுத்தார்கள். எஞ்சின் புத்தகம் ஆங்கிலத்தில். என்ன எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி தனக்குத் தமிழில் தெரிய வேண்டும் என்று அண்ணன் அடம் பிடித்தார். நான் லீவு போட்டுவிட்டு, ஹோட்டலின் படகுக் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். புத்தகத்தில் ஒரு அட்டவணை. முதல் வரிசை அறிகுறி, இரண்டாவது காரணம், மூன்றாவது பரிகாரம். பரிகாரம் என்றதும் அண்ணன் எந்தக் கோயிலில் என்று கேட்டார். எஞ்சினியர் தைலத்தை எடுத்தார்.

அட்டவணைப்படி வேலை தொடங்கியது. தண்ணீர் குறைவாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. பார்த்தோம், நிறைந்திருந்தது. குழாய்க்குள் காற்று அடைத்திருக்கலாம். வடித்து, மறுபடி நிரப்பி, குமிழி வராத வரைக்கும் குலுக்கினோம். ஊசி பொய் சொல்லலாம் என்றது புத்தகம். சூட்டை அளக்கும் அந்தச் சின்னக் குமிழைக் கழற்றி, ஹோட்டல் குசினியில் தேத்தண்ணிக்குக் கொதித்துக் கொண்டிருந்த கேத்தலுக்குள் போட்டு, உஷ்ணமானியோடு ஒப்பிட்டோம். ஊசி அரிச்சந்திரனாக நின்றது. அன்று பின்னேரம் ஹோட்டலில் யாருக்கும் தேத்தண்ணி கிடைக்கவில்லை, சமையற்காரக் கோக்கி என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

சரி, இறங்குதுறையில் கட்டி வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று கயிறு போட்டோம். ஹாஜியாருக்கு இறங்குதுறையைப் பற்றிப் பயம். முழு வேகம் கொடுத்தால் பலகையோடு சேர்ந்து பறந்துவிடும் என்று கையெடுத்துக் கும்பிட்டதால் பாதி வேகம்தான் கொடுத்தார்கள். அரை மணித்தியாலம் ஓடியது. ஊசி அசையவில்லை. தரையில் குளிர், வானத்தில் கொதி. எனக்குத் தெரிந்த பல அரசியல்வாதிகள் இதற்கு நேர் மாறு.

பிறகு எஞ்சினியரின் பார்வை விமானத்தின் மூக்கில் விழுந்தது. கண்டியில் எந்த வண்டியும் அம்மணமாக ஓடாது. லொறிக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும், பஸ்ஸுக்குப் பிக்குமார் ஓதிக் கட்டுகிற பிரித் நூல், வேனுக்கு அந்தோனியார், காருக்குத் துஆ ஒட்டிய கண்ணாடி. விமானம் மட்டும் விதிவிலக்கா? ஹோட்டல் படகுக்காரர் புரொப்பெல்லருக்குப் பின்னால் பிரித் நூல் சுற்றியிருந்தார். ஹாஜியார் பக்கத்தில் ஒரு துஆ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். எலுமிச்சம்பழ மாலையை யார் போட்டது என்று கடைசி வரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆர் கட்டினது உது?" என்று எஞ்சினியர் கேட்டார். "இருபத்தெட்டு வருசமா விமானம் பாக்கிறன். உப்பிடியொரு கண்றாவிய நான் காணேல்ல. இது பறக்கிறதுக்கோ, தேர் இழுக்கிறதுக்கோ?"

எல்லாவற்றையும் அவரே கத்தரித்து எறிந்தார். விமானத்தில் எதையும் கட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, தொங்கவிடக்கூடாது என்று மூன்று மொழியிலும் என்னைக் கொண்டு எழுதுவித்துத் தூணில் மாட்டினார். இதில் எஞ்சினியரை விடக் கடுமையாக நின்றவர் சரிவராது அண்ணன்தான். மெஷின் மூச்சு விட இடம் வேண்டும், நூலைக் கட்டி என்ன செய்ய ஏலும், படிச்ச ஊரிலும் இப்படி மடத்தனமா என்று படகுக்காரரை நன்றாக ஏசினார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

மறுபடி பறந்தார்கள். ஐந்தாவது நிமிடம் சிவப்பு.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பரிசோதகர் வருகிறார். அவரைப் பக்கத்து ஆசனத்தில் வைத்துக்கொண்டு கால் மணித்தியாலம் மேலே ஏறி, ஊசி சிவப்பைத் தொடாமல் இறங்கிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி இல்லை. ஹாஜியார் நல்ல மனிதர். அவர் வந்து தர்ஷினிக்குப் பக்கத்தில் நின்று, அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாலைதீவுக்காரன் ஒருத்தன் இத விலைக்குக் கேக்குறான் மகள். நான் ஏலுமானவரை பாத்தேன். வெள்ளிக்கெழம தாண்டினா எனக்கும் ஒன்னும் செய்ய ஏலா."

புதன்கிழமை புத்தகத்தின் அட்டவணை முடிந்துவிட்டது. கடைசிப் பரிகாரம், தயாரிப்பாளரைத் தொடர்பு கொள்ளவும் என்று இருந்தது. தயாரிப்பாளர் அனுப்பிய பதிலையும் மொழிபெயர்த்தேன்; அட்டவணையைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள். எஞ்சினியர் தைலத்தைப் பூசிக்கொண்டு மல்லாந்து கிடந்தார். தர்ஷினி இறங்குதுறை ஓரத்தில் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதாவது ஆறுதல் சொல்லத்தான் போனேன். ஆனால் இருபது வருடமாகச் சுற்றுநிருபம் மொழிபெயர்க்கிறவனுக்கு ஆறுதல் எங்கே வரும்?

"இது போச்சுன்னா அவ்வளவுதான் சேர்," என்றாள் அவள். "ரெண்டு வருசம் வீட்டுல இருந்தேன். இனியும் இருந்தா லைசன்ஸும் காலாவதி ஆகிரும். அப்புறம் நான் பறந்தேன்னு சொன்னா யாரும் நம்பக்கூட மாட்டாங்க."

சரிவராது அண்ணன் எங்களுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. அவர் எப்போதும் சொல்கிற வார்த்தையைச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. கொட்டகைக்குள் போய், கிடந்த எஞ்சினியரைத் தட்டி எழுப்பி, "நான் ஏறிப் பார்க்கிறேங்க" என்றார்.

அந்த மனிதரைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கராஜ் கூரை ஒழுகினால் ஏணியில் ஏறாமல் கீழே வாளி வைக்கிறவர் அவர். பஸ்ஸில் போனால் நின்றபடிதான் போவார், குதிக்க வசதி என்று. எஞ்சினியர் மறுத்துப் பார்த்தார். பிறகு தன்னிடமும் வேறு யோசனை இல்லாததால் சம்மதித்தார். பாரம் தெரிய வேண்டும் என்று அண்ணனைக் குசினியில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். நாற்பத்தொன்பது கிலோ. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்தா அத்தனை பெரிய அவநம்பிக்கை வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆசனக் கச்சையை இறுக்கிக் கட்டிக் கதவை மூடும்போது என்னைக் கூப்பிட்டார். கராஜ் சாவி எங்கே இருக்கிறது, வெல்டிங் சாமானை யாருக்குக் கொடுக்க வேண்டும், கொத்தமல்லிப் பொடி வெயிலில் காய்கிறது, மழைக்கு முன் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

மேலே நடந்ததைத் தர்ஷினி பிறகு சொன்னாள். அப்பா கண்ணைத் திறக்கவே இல்லையாம். ஒரு கையால் ஆசனத்தையும் மறு கையால் அவளுடைய சட்டை விளிம்பையும் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். மலைப் பக்கம் திரும்பி ஏறத் தொடங்கினார்கள். ஊசி ஏறுகிறது அப்பா என்று அவள் சொன்னாள். அவர் மூக்கை இரண்டு தரம் சுருக்கினார். மூன்றாவது தரம் சுருக்கிவிட்டு, படக்கென்று கண்ணைத் திறந்தார்.

"எறக்கு மகள்," என்றாராம்.

"ஏன்பா, என்னா தெரிஞ்சுச்சு?"

"ஒண்ணும் தெரியல. நீ எறக்கு."

இறங்கியதும் அவர் முகத்தைப் பார்த்து நாங்கள் பயந்துவிட்டோம். சுண்ணாம்பு பூசிய மாதிரி இருந்தது. எஞ்சினியர் ஓடிப் போய் என்ன கண்டீர் என்று கேட்டார். ரேடியேட்டர் மூடியில் சந்தேகம், மூடியை மாற்றிப் பாருங்கள், அதற்கு முன்னால் எல்லாரும் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள் என்றார் அண்ணன். அவர் யாரையும் எதற்கும் உபசரித்து நான் கண்டதில்லை. எல்லாரும் குசினிப் பக்கம் போனோம். பாதி வழியில் என் மூக்குக்கண்ணாடியைப் புத்தகத்தின் மேல் விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து நான் மட்டும் திரும்பினேன்.

அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, விமானத்தின் காற்று வாய்க்குள் தோள் வரை கையை விட்டிருந்தார். கை வெளியே வந்தபோது அதில் ஒரு மஞ்சள் துணி மூட்டை. மாங்காய் அளவு. கட்டு தளர்ந்து, துணியின் தலைப்பு ஒரு முழம் அவிழ்ந்து தொங்கியது. எஞ்சினியர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, ரேடியேட்டருக்கு முன்னால், கீழ் விளிம்பில், கம்பியால் கட்டியிருந்திருக்கிறார். எஞ்சின் நிற்கும்போதும் பாதி வேகத்திலும் அந்தத் தலைப்பு கீழே இருட்டில் சுருண்டு கிடக்கும். முழு வேகம் கொடுத்து ஏறும்போது காற்று அதைத் தூக்கி ரேடியேட்டரின் முகத்தில் அப்பிவிடும். பாவம், அந்த எஞ்சின் மூச்சு முட்டிக் கொதித்திருக்கிறது.

நான் நின்றதை அவர் கண்டுவிட்டார். ஒளிக்கவில்லை. கரையில் வந்து உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். கதிர்காமத்து விபூதி இருந்தது. பிரித் நூல் ஒரு சுருள். அந்தோனியார் பதக்கம். பச்சை மையில் எழுதிய ஒரு துஆத் துண்டு. சூட்டில் கரைந்து பாதியாகிப் போன ஒரு கற்பூரக் கட்டி. அந்த வாசத்தைத்தான் அவருடைய மூக்கு மேலே பிடித்திருக்கிறது. இதற்கு முன் பறந்தபோது தர்ஷினிக்கும் அது அடித்திருக்கும். பக்கத்தில் இருந்த எஞ்சினியரின் தைலம் என்று நினைத்திருப்பாள்.

"இத்தனையுமா அண்ணே?" என்று கேட்டேன்.

"ஏதாவது ஒண்ணை மட்டும் நம்பினா சரிவராது சேர்," என்றார். "மத்த வண்டிக்கெல்லாம் சின்னதாத்தான் கட்டுவேன், எலுமிச்சங்கா அளவுக்கு. இது புள்ள ஏறுறது."

குரல் உடைந்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். என் கையாலேயே என் புள்ளையை எரிக்கப் பார்த்தேனே என்று அழுதார். பத்து நாளாக அவளுடைய வேலையை விழுங்கிக் கொண்டிருந்த அந்தச் சூடு அவருடைய சொந்தப் பயம்தான். அவருடைய தோளில் கையை வைத்தேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "சேர், அந்தப் பொஸ்தகத்துல இந்தக் காரணம் இருக்குதா?"

"இல்லை அண்ணே."

"அப்ப நீங்களும் இங்க ஒண்ணையும் பார்க்கல."

நானும் ஒன்றையும் பார்க்கவில்லை என்றே ஆகிவிட்டது. எஞ்சினியர் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மூடியை மாற்றினார். வியாழக்கிழமை பறந்து பார்க்கலாம் என்றார்கள். வியாழக்கிழமை முழுக்க மழை. எதிர்க்கரையே தெரியாத கண்டி மழை. ஆக, சரியாகிவிட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியாமலே வெள்ளிக்கிழமை விடிந்தது.

பரிசோதகர் வந்தார். எண்ணிப் பேசுகிற சிங்களக் கனவான். சுற்றிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், காற்று வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். தர்ஷினி எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வழக்கம்போல் அப்பாவைப் பார்த்தாள். ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் கேட்கிற வார்த்தைக்காகத்தான்.

சரிவராது அண்ணன் இறங்குதுறையில் நின்றார். தொண்டையைச் செருமினார். அவர் செய்த பிழை அவருக்குத் தெரியும். மகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு நெஞ்சில் நின்றது. அன்றைக்கு மட்டும் அந்த அபசகுன வார்த்தையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"சரிவரும் மகள்," என்றார்.

படகுக்காரர் கையிலிருந்த கயிற்றை நழுவ விட்டார். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதத் தொடங்கினார். எஞ்சினியர் தைலப் போத்தலைத் திறந்தவர் பூச மறந்து நின்றார். தர்ஷினியின் முகத்தில் இரத்தமே இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டாள். அந்த அமைதியில் பரிசோதகர், என்ன நடக்கிறது என்று எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பா, விளையாடாதீங்க," என்றாள் அவள். சின்னப் பிள்ளையின் குரல். "ஒழுங்கா சொல்லுங்க."

அவர் மகளைப் பார்த்தார்.

"சரிவராது," என்றார்.

அவள் சிரித்தாள். ஜன்னலை மூடினாள். விமானம் தண்ணீரில் ஓடி, எழும்பி, மலைப் பக்கம் திரும்பியது. கால் மணித்தியாலம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்தாவது நிமிடம் எஞ்சினியர் கையிலிருந்த ரேடியோவில் அவள் குரல் வந்தது, ஊசி பச்சையில் நிற்கிறது என்று. பத்தாவது நிமிடமும் பச்சை. அண்ணன் அண்ணாந்து பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து, வலது கையை இறுக்கப் பொத்திக்கொண்டு நின்றார். அந்தக் கைக்குள் மஞ்சள் துணி கொஞ்சம் வெளியே தெரிந்தது.

இறங்கியதும் பரிசோதகர் கையெழுத்துப் போட்டார். ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்று அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எஞ்சினியர், மூடியை மாற்றியதால் கோளாறு தீர்ந்தது என்று பதிவேட்டில் அழகாக எழுதினார். இன்றைக்கும் அவர் அப்படித்தான் நம்புகிறார். நான் அண்ணனிடம் போய், இப்போதாவது சந்தோசமா என்று கேட்டேன். இன்றைக்கு ஓடிவிட்டது, நாளைக்கு நின்றுவிடும் என்றார். ஆனால் சொல்லும்போது அழுதுகொண்டிருந்தார்.

அது நிற்கவில்லை. அந்த மிதவை விமானத்தில் வேண்டிய மணித்தியாலங்களைச் சேர்த்துக்கொண்டு தர்ஷினி இப்போது பெரிய விமானத்தில் போய்வருகிறாள். அண்ணன் நீர்கொழும்புப் பக்கம் மகளோடு இருக்கிறார். அவள் ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் போன் எடுத்து அந்த வார்த்தையைக் கேட்டு வாங்கிக்கொள்வாளாம்.

போன மாதம் என் கார் வழக்கம்போல அம்பிட்டிய ஏற்றத்தில் கொதித்தது. அண்ணன் இல்லாததால் கட்டுகஸ்தோட்டையில் வேறொரு மெக்கானிக் பாஸிடம் கொண்டு போனேன். அவர் ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். கீழ் மூலையில், கம்பியால் கட்டி, எண்ணெயும் புழுதியும் ஏறிக் கறுத்துப் போன ஒரு மஞ்சள் மூட்டை. எலுமிச்சங்காய் அளவு. இது காற்றை மறைக்கிறது, குப்பையில் போடவா என்று கேட்டார்.

நான் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தேன். இத்தனை வருடம் என் காரைப் பார்த்து அந்த மனிதர் சரிவராது, சரிவராது என்று சொன்னதெல்லாம் எனக்காகவும் பயந்துதான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

இருந்த இடத்திலேயே கட்டிவிடச் சொன்னேன். கார் இன்னமும் கொதிக்கிறது. நான் ஒரு போத்தல் தண்ணீர் வைத்துக்கொண்டு போய்வருகிறேன்.